எல்லை தாண்டி வந்த எஞ்சின்கள்

இப்போது எங்கள் ஊர் வழியாகப் போகிற சரக்கு ரயிலைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. எல்லா வண்டிக்கும் ஒரே மூஞ்சி. கரண்டு எஞ்சின். புகை இல்லை, வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நல்லதுதான், யார் இல்லை என்றது? ஆனாலும் அதை எஞ்சின் என்று சொல்ல எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.

டீசல் காலத்தில் அப்படியில்லை. விருதுநகருக்கும் சாத்தூருக்கும் நடுவில் எங்கள் ரயில்வே கேட்டில் நின்றால் நாலு மாநிலத்து எஞ்சினையும் பார்த்துவிடலாம். கேரள எல்லை தாண்டி நாகர்கோவில் வழியாக வருகிற சரக்கு வண்டியை ஒருநாள் எர்ணாகுளத்து எஞ்சின் இழுத்து வரும், ஒருநாள் பெங்களூர்ப் பக்கத்து கிருஷ்ணராஜபுரத்து எஞ்சின் வரும். ஆந்திரா அரிசியோடு காசிப்பேட்டைக்காரன் வருவான். நம்ம திருச்சி பொன்மலைக்காரன் எப்போதும் உண்டு. எஞ்சின்களைப் பராமரிக்கிற ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஒரு பெயிண்ட், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹாரன். எந்த ஊர் என்று பக்கவாட்டில் எழுதியிருக்கும்.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் பிடித்திருந்தால் பரவாயில்லை, என் மனைவிக்கும் தொற்றிக்கொண்டது. கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த வெடி கம்பெனியில் அவள் திரி செருகுகிற வேலை பார்த்தாள். நான் சிவகாசி அச்சாபீசில் லேபிள் வெட்டுகிறவன். லீவு நாளில் சைக்கிளோடு கேட்டில் போய் நிற்பேன். அவளை ஏற்றிவருகிற கம்பெனி வேன் எதிர்ப்பக்கம் வந்து நிற்கும். தூரத்து ஹாரனைக் கேட்டதுமே வேனுக்குள் இருந்து கத்துவாள். "ஏங்க, எர்ணாகுளத்துக்காரன் வாரான், வேணும்னா பாருங்க!" நான் வீம்புக்குப் பொன்மலை என்பேன். தோற்றவர் அன்றைக்குத் தோசை சுட வேண்டும். பெரும்பாலும் நான்தான் சுட்டேன். "கல்லுல ஒட்டாமச் சுடுங்க, அது போதும்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து அதிகாரம் வேறு செய்வாள்.

தீபாவளி சீசனில் எங்கள் பக்கம் வெடிச் சத்தத்துக்கு யாரும் திரும்பிப் பார்க்கமாட்டோம். ஒவ்வொரு கம்பெனிக்காரனும் புதுச் சரக்கைப் பொட்டலில் வைத்து வெடித்துப் பார்ப்பான். திரும்பிப் பார்த்தால் "வெளியூராண்ணே?" என்று கேலி செய்வார்கள். அப்படி ஒரு சீசனில், ஒரு மத்தியானம், கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். டமார் என்று ஒரு சத்தம். பின்னாலேயே கொஞ்ச நேரம் படபடவென்று கேட்டது. "பெரிய ஆர்டர் போலருக்கு. சாம்பிளுக்கே இந்தப் போடு போடுதான்" என்றார் டீக்கடைக்காரர். நானும் சிரித்தேன். பாவி, சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் கேட்டை மூடினார்கள். வந்தது சரக்கு வண்டி. முன்னால் எர்ணாகுளம், அதை ஒட்டிக் காசிப்பேட்டை, இரண்டு எஞ்சினும் சேர்ந்து இழுத்தன. அப்படியொரு ஜோடியை அதுவரை நான் பார்த்ததே இல்லை. லோடு கனம்போல, ஊர்ந்துதான் வந்தது. அவை கக்கிய கரும்புகையில் அந்தப் பக்கம் கிளம்பியிருந்த புகை என் கண்ணில் படவில்லை. பெட்டிகளின் சந்து வழியாகக் கம்பெனி வேன் வந்து நிற்பது தெரிந்தது. அரை நாளோடு விட்டுவிட்டார்கள், அவளும் இந்த ஜோடியைப் பார்க்கிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். வேன்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். "அப்படி என்னலே அவசரம்?" என்று இங்கிருந்தே திட்டினேன்.

கேட் திறந்ததும் வேன் என்னைத் தாண்டிப் பறந்தது. கருகிய சேலைகளைப் பார்த்தேன். எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஜன்னலில் என்னைப் பார்த்து அலறினாள். சாத்தூர் ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளை மிதித்துப் போய்ச் சேர்ந்தபோது என் மனைவியை முகத்தோடு மூடியிருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்தத் தெருப் பெண் கையில் கட்டோடு வந்திருந்தாள். வேனில் என் மனைவியின் தலையை மடியில் வைத்திருந்தவள் அவள்தான்.

"கேட்டு வரைக்கும் உசுரு இருந்துச்சுண்ணே. தண்ணி கேட்டா. 'அவுக அந்தப் பக்கந்தான் நிப்பாக, கூப்பிடு'ன்னா. கூப்பிட்டேண்ணே. தொண்ட கிழியக் கூப்பிட்டேன். ரயில் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல. ரயில் போனதும் திரும்பிப் பாக்கேன், கண்ணு நிலைச்சுப் போச்சு."

அந்த எஞ்சின்களை வெறுத்துத் தொலைக்கலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. யாராவது போனில் பழைய டீசல் படம் அனுப்பினால் எந்த ஷெட் என்று வாய்விட்டுச் சொல்கிறேன். மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. வெட்கமில்லாமல் அழுகிறேன்.

அந்தப் பெண்ணிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. அவள் தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில், இந்த வண்டி இதற்குள் முடிந்துவிடக் கூடாதே, இன்னும் நாலு பெட்டி வரட்டுமே என்று நான் வேண்டிக்கொண்டு நின்றேன்.