அந்தோணியம்மாள் சொல்ல மறுத்த மன்னிப்பு

அந்தோணியம்மாள் டீச்சர் இறந்துவிட்டார் என்ற செய்தியை ஆவூர்ப் பக்கத்திலிருந்து வந்த பஸ் கண்டக்டர்தான் இலுப்பூரில் என் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பிழைக்கமாட்டார் என்று தெரியும். தெரிந்திருந்தும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். ரங்கூனுக்குப் போன கணவர் சவரிமுத்து அங்கே ஒரு பர்மாக்காரியோடு குடும்பம் நடத்துகிறார் என்று சேதி வந்ததிலிருந்து டீச்சர் பூசையில் ஆண்டவரின் உடலென்று தரும் நற்கருணை அப்பத்தை வாங்கவில்லை. மனதில் பகையோடு வாங்கக்கூடாது என்று நம் எல்லோருக்கும்தான் சொல்லித் தந்தார்கள். நாமெல்லாம் பாஸ்குத் திருநாளுக்கு முன்னால் வாயளவில் ஒரு மன்னிப்பைச் சொல்லிவிட்டுப் பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதியில் போய் முழந்தாளிட்டோம். அவர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். பேருக்காவது சொல்லிவிட்டு வரக்கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். "பிள்ளைக ஆஜர் சொல்ற மாதிரி சொல்லச் சொல்றீங்களா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

ஜப்பான்காரன் குண்டு போட்டு ரங்கூன் காலியான வருஷம், சவரிமுத்து காடு மலையெல்லாம் நடந்து திரும்பி வந்தார். காய்ச்சலோடு புதுக்கோட்டைச் சத்திரத்தில் கிடப்பதாகத் தகவல். ஊருக்கு ஒரே உற்சாகம். பங்குச் சாமியார், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்தவனுக்குத் தகப்பன் விருந்து வைத்த ஊதாரி மகன் கதையைப் பிரசங்கித்தார். பெண்கள் வீடு தேடி வந்து புத்தி சொன்னார்கள். மன்னிக்க வேண்டியவர் டீச்சர், தாராளம் மட்டும் ஊராருக்கு. எனக்கு அந்தப் பெண்களை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

டீச்சர் சத்திரத்துக்குப் புறப்பட்டபோது துணைக்கு நானும் போனேன். பஸ்ஸில் அவர் வாய் திறந்தது ஒரே தடவைதான். "மன்னிச்சிருவேன்னுதான் தோணுது. அவரு ஒரு வார்த்தை கேக்கட்டும்."

சத்திரத்தில் சவரிமுத்து கண்ணைத் திறந்து டீச்சரைப் பார்த்தார். "மா சேன்" என்று அந்தப் பர்மாக்காரியின் பெயரைச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். காய்ச்சலில் ஆள் தெரியவில்லை. பாதி தமிழிலும் பாதி நமக்குப் புரியாத பாஷையிலுமாக அழுதார். நடக்க முடியாமல் விழுந்தவளைக் காட்டில் போட்டுவிட்டு வந்திருக்கிறார். மன்னிச்சிரு, மன்னிச்சிரு என்று அவளிடம்தான் கெஞ்சினார். டீச்சர் கையை உருவிக்கொள்ளவில்லை. நெடுநேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிட்டேன். தூங்குங்க" என்றார்.

மறுநாள் சவரிமுத்து இறந்துபோனார். அதுதான் மன்னித்தாயிற்றே, இனி நற்கருணைக்கு வரலாமே என்றார்கள் ஊரில். டீச்சர் வரவில்லை. "அது அவளுக்காகச் சொன்னது. எங்கிட்ட அவரு எதுவுமே கேக்கலையே" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

போன ஞாயிறு சாமியார் சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப்பூசுதலைக் கொடுக்க வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். கணவரை மன்னித்துவிட்டாயா அம்மா என்று மெதுவாகத்தான் கேட்டார்.

"கேட்டிருந்தா மன்னிச்சிருப்பேன், சாமி. மன்னிச்சிட்டேன்னு பொய் சொல்லி ஆண்டவரை வாங்கமாட்டேன்."

உன் மனது ஆண்டவருக்குத் தெரியும் என்று சொல்லி அவர் நற்கருணையை எடுத்து நீட்டினார். டீச்சர் உதட்டை இறுக மூடிக்கொண்டார். வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் அழுதேன். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. மோட்சம், திரும்பி வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து வைக்கிற வீடு என்கிறார்கள். எங்கும் போகாமல் வாசலிலேயே காத்திருந்தவருக்கு அங்கே இடம் கிடைத்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கிடைத்தது என்று யாராவது ஆறுதல் சொன்னால் அதையும் என்னால் நம்ப முடியவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது இதுதான். இன்று பள்ளியில் வழக்கம்போலப் பரலோக மந்திரத்தை நான் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். நமக்குத் தீமை செய்தவர்களை நாமும் மன்னிப்பதாகச் சொல்கிற இடம் வந்தது. பிள்ளைகள் எனக்காகக் காத்து நின்றார்கள். என்னால் சொல்ல முடியவில்லை.