பிளிமத்தின் சொந்த எஞ்சின்

“ராசன், காருக்குள்ளை இருக்கிறது ஐயாவின்ரை எஞ்சின்தானோ எண்டு ஒருக்கா வந்து பாத்துச் சொல்லும்.”

எண்பத்தெட்டாம் ஆண்டு, கொக்குவிலில் இருந்த என் கராஜுக்கு வந்து ரீச்சர் கேட்டது இவ்வளவுதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர்; கிறிஸ்தவக் குடும்பம். ‘ஐயா’ என்றது காலமாகிவிட்ட தன் கணவரை, டொக்டரை. கார் ஐம்பத்திரண்டாம் ஆண்டுப் பிளிமத். அது வந்தால் ஒழுங்கையில் சைக்கிள்காரர் வேலியோடு ஒதுங்கவேண்டும். அப்படிப்பட்ட காரை வைத்துக்கொண்டு, டொக்டர் வருடத்தில் ஒரு நாள் மட்டும் ஆசுப்பத்திரிக்குச் சைக்கிளில் போவார். உடம்புக்கு நல்லதாம். ஊர் சிரிக்கும்.

முந்தைய வருடம் சண்டை தொடங்கி எல்லோரும் இடம்பெயர்ந்தபோது, ரீச்சர் காரை முருகேசு அண்ணையிடம் விட்டுவிட்டுப் போனார். இணுவில்காரரான முருகேசு அண்ணை அந்தக் காரின் நெடுங்கால டிரைவர். எஞ்சின் இருந்தால் யாராவது காரைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்து, அதைக் கழற்றி டிராக்டர் பெட்டியில் ஏற்றி, தன் வீட்டு வைக்கோற்போருக்குள் ஒளித்துவைத்தார். ஊர் அடங்கியதும் கொண்டுவந்து பூட்டினார். துருப்பிடிக்காதிருக்க வெள்ளிப் பெயின்ற் அடித்திருந்தார். அதுதான் வினையாய்ப் போயிற்று.

கொழும்பிலிருந்து வந்த ரீச்சரின் சகோதரர் பொனற்றைத் திறந்து பார்த்தார். “அக்கா, உது பழைய எஞ்சின் இல்லை. டிராக்டரிலை ஏத்தினதைச் சனம் கண்டிருக்கு. நல்லதை வித்துப்போட்டு, உதை எங்கையோ பொறுக்கிக்கொண்டந்து பூட்டியிருக்கிறார்.”

முருகேசு அண்ணை சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனவர், பிறகு அந்த வீட்டுப் படலைப் பக்கமே வரவில்லை. ரீச்சருக்கு எஞ்சினைப் பற்றிய கவலையே இல்லை. அந்த மனிதரைப் பற்றித்தான்.

அந்தப் பிளிமத்தில் எஞ்சின் நம்பரைப் புளொக்கின் இடதுபக்கம், முன்னால் ஒரு சின்ன மேட்டில் குத்தியிருப்பார்கள். முதல் எழுத்துகள் மொடலைச் சொல்லும். அதே காரின் எஞ்சினா என்று தெரிய, மீதி நம்பரைக் காரின் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடவேண்டும். புத்தகம் இடம்பெயர்ந்த ஓட்டத்தில் தொலைந்துவிட்டது. நம்பரை அராவி மாற்றியிருக்கிறதா என்றாவது பார்ப்போம் என்று ரீச்சர் வீட்டுக்குப் போனேன். முருகேசு அண்ணையையும் கையோடு கூட்டிப்போனேன். ஆள் இல்லாதபோது அவரைப் பற்றி விசாரிப்பது எனக்குப் பிடிக்காது.

நான் அந்த மேட்டில் கத்தியை வைத்ததும் முருகேசு அண்ணை பதறினார். “உதைச் சுரண்டாதை தம்பி!”

“பாத்தியளே?” என்றார் சகோதரர்.

எனக்கும் சந்தேகம் வந்தது. ஆனாலும் சுரண்டினேன். வெள்ளிப் பெயின்றுக்குக் கீழே ஒயில் கறுப்பு. அதற்குக் கீழே மஞ்சளாய் ஒரு பொருக்கு உதிர்ந்தது. பிறகு சிவப்பு. மறுபடி மஞ்சள், மறுபடி சிவப்பு. ஓரத்தில் ‘பி இருபத்துமூன்று’ தெரிந்தது, மொடல் சரி. பொருக்கை விரலில் நசித்து முகர்ந்தேன். ஒயில் மணத்துக்குள் சந்தனம்.

முருகேசு அண்ணை நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். “ஆயுதபூசைக்கு வைச்ச பொட்டு, ரீச்சர். வருசா வருசம். வேதக்காரர் வீட்டுக் கார், ஐயா கண்டால் மனம் நோவார் எண்டு ஒளிச்சு நம்பருக்கு மேலை வைச்சனான். உதை எப்பிடி உங்களிட்டைச் சொல்லுறது?”

கள்ளன் என்ற பேரோடு வீட்டில் கிடந்தாரே தவிர, இதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வருடக்கணக்கில் படிந்த பொட்டை எந்தக் கள்ளன் கொண்டுவந்து ஒட்டமுடியும்? சகோதரர் தண்ணீர் குடிக்கவென்று உள்ளே போனார்.

ரீச்சர் சாவியை எடுத்துவந்து நீட்டினார். கண்ணில் நீர், வாயில் சிரிப்பு.

“ஆயுதபூசை அண்டைக்கு ஐயா ஏன் சைக்கிளிலை போறவர் எண்டு நினைச்சனீர், முருகேசு? எஞ்சின் சூட்டிலை உம்மடை பொட்டு உதிர்ந்துபோமாம். ஒரு நாளாவது இருக்கட்டும் எண்டு சொல்லுவார்.”

முருகேசு அண்ணை சாவியை இரண்டு கையாலும் வாங்கினார்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். எஞ்சினை அடையாளம் காண நம்பரைத் தேடுங்கள். ஆனால் அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சுரண்டியது திரும்ப ஒட்டாது. நான் அன்று அவ்வளவோடு கத்தியை மடக்கிவிட்டேன். அந்த நம்பரின் மிச்சம் எனக்கு இன்றுவரை தெரியாது.