செம்மலை பிடித்த மழை

காரைக்குடியில் மைக் செட் கடையில் வேலை பார்த்த செம்மலை எத்தனையோ நாடகங்களில் இருந்திருக்கிறார்; மேடையில் ஒருநாளும் தலைகாட்டியதில்லை. தையல்கடை முத்தப்பன் நடத்திய குழுவில் இடி, மழை, ரயில், நாய் எல்லாம் அவர் பொறுப்பு. திரைக்குப் பின்னால் தகரத்தை ஆட்டினால் இடி. முறத்தில் பயறை உருட்டினால் மழை. ரயிலுக்கு மட்டும் வாயால் ஊதுவார். 1966-இல் தேவகோட்டையில், கதாநாயகி தண்டவாளத்தில் தலை வைக்கப் போகும் கட்டத்தில் அவர் ஊதிய ஊதலுக்கு ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாகப்போன கதாநாயகியும் சேர்ந்து சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் ஒரு வாரம் செம்மலை தையல்கடைப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

அந்த வருசக் கடைசியில் கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு சீரியல் லைட் கட்டப் போனார். ஓர் அறை மூலையில், துணி போட்டு மூடிய பெட்டி ஒன்று கண்ணில் பட்டது. திறந்தால் இரண்டு சக்கரங்களும் பழுப்பு நாடாவும். மலேயாவிலிருந்து வந்த டேப் ரிக்கார்டர்.

"அது ஓடலப்பா," என்றார் அந்த வீட்டு தேனம்மை ஆச்சி. "பேசுறதைப் பிடிக்கிற பெட்டின்னு என்னைப் பெத்த அப்பச்சி அனுப்பிச்சாக. இம்புட்டுப் பெரிய வீட்டுல நான் யாரோட பேசிப் பிடிக்க? உன்னால சரிபண்ண முடிஞ்சா நீயே எடுத்துட்டுப் போ."

உள்ளே ரப்பர் பெல்ட் அறுந்திருந்தது, அவ்வளவுதான். சைக்கிள் ட்யூபை மெல்லிய வளையமாக வெட்டி மாட்டினார். சக்கரம் சுற்றியது.

முதல் வேலையாக ஸ்டேஷனுக்குப் போய் ரயிலைப் பிடித்தார். போர்ட்டர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு திருப்பத்தூர் சந்தையில் ஆடுகள், மாவு மில், பள்ளிக்கூட மணி. ஆறு டார்ச் பேட்டரி போட்டால்தான் பெட்டி ஓடும்; தீர்ந்த பேட்டரியை வெயிலில் காயவைத்து இன்னும் அரைமணி நேரம் ஓட்டுவார். மைக்கில் காற்று மோதினால் சீறுகிறது என்று மனைவி மலையம்மாளின் பழைய சேலையைக் கிழித்து அதற்குச் சுற்றினார். நாடகத்தில் ரயில் வந்தபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். முத்தப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

மழைதான் மசியவில்லை. 1967 ஐப்பசியில் ஓட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு ஸ்பூல் நாடா முழுக்கப் பிடித்து, வீட்டுக்குள் போட்டுக் காட்டினார்.

"என்னவா இருக்குன்னு சொல்லு பாப்போம்."

மலையம்மாள் காதைச் சாய்த்துக் கேட்டாள். "வடை சுடுறாக."

தகரத்தில் விழும் மழை, வாழையிலையில் விழும் மழை, ஊரணியில் விழும் மழை என்று மாற்றி மாற்றிப் பிடித்தார். எல்லாமே வடைதான். அந்த ஐப்பசி முடியுமுன் ஒருநாள், வாசலில் மைக்கை வைத்துவிட்டுக் காத்திருந்தபோது சடசடவென்று கொட்டியது. அடுப்படியிலிருந்து மலையம்மாள் பாய்ந்து வந்தாள். "அய்யய்யோ, மழை! காயுறதை அள்ளு! ஏ, காயுறதை அள்ளுங்கடி!" பக்கத்து வீடுகளில் கதவுகள் அடித்தன. யாரோ அண்டாவை உருட்டினார்கள், ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் வைத்தார்கள், ஆடு ஒன்று கத்தியது.

"எல்லாத்தையும் கெடுத்துட்டியே!" என்று கத்தினார் செம்மலை.

"அவிச்ச நெல்லு நனையுது, நீங்க பெட்டியைக் கட்டிக்கிட்டு இருக்கீக!"

மறுநாள் அந்த நாடாவை அழிக்கத்தான் போட்டார். போட்டுக் கேட்டவர், அழிக்கவில்லை. முதல்முறையாகப் பெட்டிக்குள் மழை பெய்தது.

ஏழு வருசம் அந்த மழை ஊர் ஊராகப் பெய்தது. 1975 பங்குனியில் திருப்பத்தூருக்கு அங்குட்டு ஒரு சின்ன ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் போனது. அதற்கு முந்தைய ஐப்பசி பொய்த்து, கண்மாய் வெடித்துக் கிடந்த வருசம். பொழுது இறங்கியதும் நாடகம் தொடங்கிவிட்டது. வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்த வானத்தில் ஒரு துண்டு மேகமில்லை. இரண்டாம் காட்சியில் செம்மலை வழக்கம்போல மழையைப் போட்டார்.

குழாய் ஸ்பீக்கரில் மலையம்மாளின் குரல் "காயுறதை அள்ளு!" என்று அலறியதும், மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து ஓடினாள். அவளைப் பார்த்து நாலு பேர், பிறகு நாற்பது பேர். பாதித் திடல் காலியானது. மேடையில் காதலர்கள் வசனத்தை விட்டுவிட்டு நின்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். சிலர் சிரித்தார்கள், பலர் சிரிக்கவில்லை. முதலில் ஓடிய பெண் கருப்பி, முந்தானையில் அள்ளிய மிளகாயோடு நேரே மேடைக்குப் பின்னால் வந்தாள். அடி விழப்போகிறது என்றுதான் செம்மலை நினைத்தார்.

"அண்ணே, இது எங்க பேஞ்ச மழை?"

"காரைக்குடியில, தாயி. ஏழு வருசமாச்சு."

"இன்னொரு தடவை போடுறீகளா?"

முத்தப்பன் ஒட்டு மீசையோடு ஓடிவந்தார். "ஏப்பா, இன்னும் ரெண்டு கொலை பாக்கி இருக்கு!"

செம்மலை ஸ்பூலைப் பின்னால் சுற்றி முதலிலிருந்து போட்டார். பன்னிரண்டு நிமிசம். சிலர் மேலே பார்த்துக்கொண்டே கேட்டார்கள். முடிகிற நேரத்தில் சின்னக்கருப்பு என்ற பெரிய விவசாயி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "பசிச்சவன் முன்னால சோத்துப் படத்தைக் காட்டுறீக. நல்லா இருங்க." போய்விட்டார்.

அந்த வார்த்தை செம்மலைக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் காலை ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் வந்து, மழை பெய்யும்வரை கோயிலில் தினமும் போட நாடாவைப் பெட்டியோடு கேட்டார்கள். கொடுத்தால் ஊரே நம்மைக் கொண்டாடும் என்றார் முத்தப்பன்.

"மாட்டேண்ணே," என்றார் செம்மலை. "நாடகம்னு தெரிஞ்சு கேக்குறது வேற. மழை வரும்னு நம்பிக் கேக்குறவகளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

வந்தவர்கள் மனத்தாங்கலோடு போனார்கள். அடுத்த வருசம் அந்த ஊர் முத்தப்பனை அழைக்கவில்லை. முத்தப்பனும் செம்மலையோடு மூன்று மாதம் பேசவில்லை.

ஊர் திரும்பிய கையோடு செம்மலை ஒரு காரியம் செய்தார். வீட்டிலிருந்த ஸ்பூல் பெட்டிகள் ஒவ்வொன்றின் மேலும் எந்த ஊர், என்றைக்கு, யார் குரல் என்று மையால் எழுதினார். மறந்துபோனவற்றுக்கு 'தெரியவில்லை' என்று எழுதினார். கருப்பி அப்படிக் கேட்டிராவிட்டால் அந்த மழைக்கும் ஊர் பேர் இருந்திருக்காது என்று மலையம்மாளிடம் சொன்னார்.

முத்தப்பன் ஜவுளிக்கடை வைத்து நாடகத்தை விட்டது 1978-இல். செம்மலை சத்தம் பிடிப்பதை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அடுத்த வருசம் ஒருநாள் திருப்பத்தூர் சந்தையில், வெங்காயம் விற்ற அம்மாக்கண்ணுவுக்குப் பக்கத்தில் மைக்கை வைத்தார்.

"எதுக்குண்ணே பிடிக்கிறீக? நாடகத்துக்கா?"

"நாடகமெல்லாம் இல்ல. சும்மாதான்."

அவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, ரேடியோவில் பேசுவதுபோல் விலை சொல்ல ஆரம்பித்தாள்.

"இப்படி வேணாம் தாயி. நீ எப்பவும் கூவுற மாதிரி கூவு."

"எப்பவும் எப்படிக் கூவுறேன்னு எனக்கென்ன தெரியும்?"

செம்மலை சிரித்துவிட்டுப் பெட்டியை நிறுத்தினார். பக்கத்தில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து, அவள் தன்னை மறக்கும்வரை காத்திருந்தார்.