ஊர்ப்பாசம் முடக்கப் பார்த்த விளம்பரக் கணக்கு

2008இல் யாழ்ப்பாணத்திலுள்ள எங்கள் ஊரான கரம்பொன்னுக்கென்று ஒரு இணையத்தளம் நடத்திவந்தேன். திருவிழாப் படங்களும் மரண அறிவித்தல்களும் போடுவேன். செலவுக்காக ஓரத்தில் விளம்பரங்கள் ஓடின; யாராவது அவற்றை அழுத்தினால் சிறு காசு வரும்.

திருவிழாப் படங்கள் போட்ட மறுநாள் பார்த்தால், வழக்கமாக விரல்விட்டு எண்ணக்கூடிய விளம்பரக் கிளிக்குகள் நூற்றுக்கணக்கில் ஏறியிருந்தன. துள்ளிக் குதித்தேன். அன்று மாலையே விளம்பர நிறுவனத்தின் எச்சரிக்கை வந்தது: காசு சேர்க்கவென்றே அழுத்தப்படும் செல்லாத கிளிக்குகள் தொடர்ந்தால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும்.

கிளிக்குகளில் பெரும்பாலானவை கனடாவிலிருந்து வந்திருந்தன. அங்கிருக்கும் அக்காவை அழைத்தேன்.

"ஓம் தம்பி, நான்தான் இஞ்ச கோயில்ல பூசை முடிய எல்லாரிட்டையும் சொன்னனான். படம் பார்க்கிற ஆக்கள் விளம்பரத்தையும் அமத்திவிடுங்கோ, ஊருக்கு உதவி எண்டு."

கோபிக்க முடியவில்லை. 'விளம்பரங்களையும் பார்த்து ஆதரவு தாருங்கள்' என்று முகப்பில் எழுதியவனே நான்தானே!

அந்த வரியை அழித்தேன். விளம்பரங்களைத் தற்காலிகமாக நிறுத்தி, நடந்ததை ஒளிக்காமல் நிறுவனத்துக்கு எழுதினேன். கணக்கு தப்பியது.

"அப்ப நாங்கள் என்னெண்டு உதவுறது?" என்றார் அக்கா.

"படத்தை மட்டும் பாருங்கோ அக்கா. அதுவே பெரிய உதவி."

அதன்பின் நாள்தோறும் கிளிக்குகளின் எண்ணிக்கையைப் பார்த்தேன். திடீரென ஏறினால் துள்ளுவதில்லை; முதலில் அக்காவைத்தான் அழைப்பேன்.