பத்மினியா அம்பாசிடரா: காரைக்குடி முதல் சிங்கம்புணரி வரை

எட்டு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தாயிற்று, போதும். சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை அழைப்புக்கு நான் பூ வைத்துக் கொண்டுபோன பத்மினி காரை, "இந்தத் தீப்பெட்டியிலயா மாப்பிள்ளை வர்றது?" என்று எல்லோர் முன்னாலும் ஓரங்கட்டியவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். மாப்பிள்ளை அவருடைய அம்பாசிடரில் ஏறிப் போனார். நான் அந்தப் பூவை மறக்கவில்லை.

இந்த வியாழக்கிழமை மச்சானின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு எந்த வண்டி என்ற பேச்சு வந்ததும், "ஓட்டிப் பார்த்துருவோம் மச்சான்" என்றேன்.

போன ஞாயிறு காலை 6 மணிக்குக் காரைக்குடியில் கிளம்பினோம். குன்றக்குடி, திருப்பத்தூர் வழியாகச் சிங்கம்புணரி, என் மீட்டரில் 43 கி.மீ. வேகம் எழுபதைத் தாண்டக் கூடாது. டிக்கியில் ஸ்டெப்னி தவிர ஒன்றும் இருக்கக் கூடாது. முதலில் சேரும் வண்டியில் மாப்பிள்ளை.

"டிக்கியை நேத்தே காலி பண்ணச் சொல்லிட்டேன். தொறந்து காட்டவா மாப்ள?"

"வேணாம் மச்சான், உங்க வார்த்தை போதும். ஆனா வண்டி பின்னால இப்படி உக்காந்திருக்கே, வயசாயிருச்சா?"

"அத விடுங்க. ஒங்களுக்குத் தள்ள ஆள் வேணுமா? வேணும்னா இப்பவே சொல்லிருங்க."

பத்மினி சாவியைத் திருப்பியதுமே கிளம்பியது! கிளட்ச் பஞ்சு, ஸ்டீயரிங் அடியில் இருக்கும் கியர் விரல் பட்டாலே விழுந்தது. குன்றக்குடி மலை கண்ணில் படும்போது அம்பாசிடர் என் கண்ணாடியில் ஒரு புள்ளி. எதிரே பஸ் வந்தால் மட்டும் பத்மினி லேசாக ஆடும். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். எனக்கு 54 நிமிடம், மச்சானுக்கு 57. சிங்கம்புணரி கடைத்தெருவில் நான் குதிக்காத குறை.

"தீப்பெட்டி பத்திக்கிச்சு" என்று சிரித்தவர், அங்கேயே தங்கைக்குப் போன் போட்டார். "ஒன் வீட்டுக்காரர் வண்டியிலதான் மாப்பிள்ளை வர்றாரு. அலங்காரத்துக்குச் சொல்லிரு." முகம் மட்டும் சிறுத்திருந்தது. இட்லி, பொங்கல், காபி, இருவருக்கும் 190 ரூபாய், அவரே கொடுத்தார்.

திரும்பும்போது வண்டியை மாற்றிக்கொண்டோம். அம்பாசிடரை இத்தனை வருடத்தில் அன்றுதான் தொட்டேன். ஸ்டீயரிங் கனம், பிரேக்கைத் தூரத்திலிருந்தே மிதிக்க வேண்டும். ஆனால் பள்ளத்தில் இறங்கி ஏறியது உடம்புக்குத் தெரியவில்லை. பஸ் உரசிக்கொண்டு போனாலும் அசையவில்லை. எனக்கே பொறாமையாக இருந்தது.

திருப்பத்தூர் தாண்டி, கண்ணாடி துடைக்கத் துணி தேடி டிக்கியைத் திறந்தேன். உள்ளே இரண்டு மூட்டை கடலைப் புண்ணாக்கு. மாட்டுக்கு வாங்கியது, மூட்டை ஐம்பது கிலோ. இறக்கச் சொன்னாரே தவிர, இறக்கினார்களா என்று மச்சான் பார்க்கவில்லை. நூறு கிலோவைச் சுமந்துகொண்டுதான் அது மூன்று நிமிடம் பிந்தியிருக்கிறது. நான் ரசித்த சொகுசிலும் பாதி அந்தப் புண்ணாக்கு கொடுத்ததாக இருக்கலாம்.

டிக்கியைச் சத்தமில்லாமல் மூடினேன். காரைக்குடியில், "எப்படி மாப்ள நம்ம வண்டி?" என்றார். "பரவாயில்லை" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

இப்படி ஓட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கு: ஏழு மணிக்குமேல் பஸ் கூட்டம், ஆறுக்கே கிளம்புங்கள். போக வர பத்மினிக்கு ஆறரை லிட்டர் பெட்ரோல், அம்பாசிடருக்கு ஒன்பது. தனியாளாக விரைந்து போகப் பத்மினி. குடும்பத்தோடு, மோசமான சாலையில், அம்பாசிடர். கிளம்பும் முன் இரண்டு டிக்கியையும் திறந்து பாருங்கள். அவர் காட்டுகிறேன் என்றபோது நான் பார்த்திருக்க வேண்டும்.

பலரும் எழுதும் இந்த வலைப்பூவை மச்சான் தினமும் காலையில் படிப்பார். நேரில் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. அதனால் பெயர் போடாமல் பதிவிடுகிறேன். தீப்பெட்டி வரியிலேயே யாரென்று அவருக்குத் தெரிந்துவிடும், புண்ணாக்கு வரியில் மீதியும். வியாழனுக்கு முன் படித்தால் சரி.