களத்தில் சொல்லக் கூடாத சொல்

தந்தி! சென்ற செவ்வாய்க்கிழமை, நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்பு நடுவில். கொழும்பு நண்பன் அனுப்பியது. அவசரமாகப் பிரித்ததில் உறையோடு தந்தியும் பாதி கிழிந்துவிட்டது. கிழிந்தாலென்ன... வேண்டிய சொல் முழுசாக இருந்தது — பாஸ்!

ஆம் ஐயா, என் ஆசிரியராக நீங்கள் எழுதச் சொன்ன அதே லண்டன் எம்.ஏ.! இரண்டாம் தடவை எழுதியது. முதல் தடவை கோட்டை விட்டதை உங்களிடம் நான் மூச்சு விடவில்லை. ஏன் தெரியுமா?

போன வருஷம் அந்தச் செய்தி வந்தபோது, வவுணதீவில் மாமனாரின் வயலில் சூடடிப்பு, கதிரடித்து நெல் பிரிக்கும் வேலை. 'இனிப் படிப்பே வேண்டாம்' என்று சொல்லிவிடத் தோணி ஏறிப் போனேன். தாகம். குடத்தைச் சரித்தேன், சொட்டு நீர் இல்லை.

"தண்ணி பொலிஞ்சிட்டு, மருமகன்!" என்றார் மாமா.

நெற்களத்தில் நின்றுகொண்டு 'இல்லை', 'முடிந்தது', 'போச்சு' என்று சொன்னால் விளைச்சல் குன்றிவிடுமாம். எது தீர்ந்தாலும், பெருகிவிட்டது என்ற பொருளில் 'பொலிஞ்சிட்டு' என்றுதான் சொல்ல வேண்டும்.

"அது கிடக்கட்டும், சோதினை என்னவாம்?"

நானும் களத்துப் பாஷையிலேயே சொன்னேன். "பொலிஞ்சிட்டு, மாமா."

அவ்வளவுதான்! "எங்கட மாஸ்டர் எம்மே பாஸாம்!" என்று களமே கத்தியது. என்னைத் தூக்கிவிட்டார்கள். அந்த உயரத்தில் இருந்துகொண்டு எப்படி மறுப்பது?

பிறகு வீட்டுக்குத் தயிர்ச்சட்டி வந்தது. மீன் வந்தது. காத்தான்குடிக் கடைக்கார 'நானா', அதாவது முஸ்லிம் அண்ணன், யுத்தகாலத் தட்டுப்பாட்டிலும் ஒரு கட்டுக் கடதாசி தந்தார். "படிச்ச மனிசன், எழுதுங்க மாஸ்டர்!" விஷயம் தெரிந்தவள் என் மனைவி ஒருத்திதான்.

"திரும்ப எழுதுங்க. இல்லாட்டி ஊர் என்னைப் பொய்க்காரன்ட பொஞ்சாதி எண்டும்" என்றாள்.

ஊரும் உறவும் தட்டிக்கொடுத்தால் படிப்பு வரும் என்பார்கள். வராத வெற்றிக்குத் தட்டிக்கொடுத்தால் முதுகு எரியும்! அத்தனை அன்பையும் சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தை எப்படி மூடி வைப்பேன்? பயந்து படித்தேன். பிறகு, சத்தியமாக, ஆசையோடு படித்தேன்.

செவ்வாய் மாலையே தோணி ஏறினேன். இந்த வருஷச் சூடடிப்பு. கரையில் இருந்தே கத்தினேன். "மாமா, பாஸ்!"

அவர் விழித்தார். "போன வருஷமே பாஸெண்டீங்க... மறுகா இதென்ன?"

இனி என்ன ஒளிவு மறைவு?

"போன வருஷம், தண்ணிக்குடம் பொலிஞ்ச மாதிரி மாமா. இப்பதான் நெல்லுப் பொலிஞ்ச மாதிரி!"