எம்மதமும் சாராத பொன்னுமணி

1944இல் திருமணப் பதிவாளர் முன்னிலையில் எழுதப்பட்ட தாளின்படி, ராசிங்காபுரம் பொன்னுமணி இந்து, முஸ்லிம், கிறித்தவம் முதலிய எந்த மதத்தையும் சாராதவர். கணவர் உதுமான் ராவுத்தரும் அப்படியே. அவர்கள் சாராத மதங்களின் பட்டியலில் யூத மதமும் இருந்தது. போடிப் பக்கம் அப்படியொன்று இருப்பதே அதுவரை யாருக்கும் தெரியாது.

எம்மதமும் சாராத பொன்னுமணி ஆண்டு தவறாமல் வீரபாண்டித் திருவிழாவில் தீச்சட்டி எடுத்தார். எம்மதமும் சாராத உதுமான், குரங்கணி மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பெரிக்கும் வேலைக்கிடையே ஐந்து வேளையும் தொழுதார். தொழுகைப் பாயை விரித்து வைப்பது பொன்னுமணி. வேறு வேறு மதத்தார் கல்யாணம் செய்துகொள்ள வெள்ளைக்காரன் சட்டத்தில் இரண்டே வழிதான். யாராவது ஒருவர் மதம் மாற வேண்டும். இல்லையென்றால் இருவருமே தமக்கு மதமில்லை என்று எழுதித் தர வேண்டும். அவரவர் சாமியை விட மனமில்லாததால், சாமியே இல்லை என்று கையெழுத்திட்டார்கள்.

பொன்னுமணியின் தம்பி சுருளிவேல் அந்தத் தாளுக்கு நகல் வாங்கி ஊர் மந்தையில் படித்துக் காட்டினான். அக்காள் செத்தாள் என்று மொட்டை போட்டுக்கொண்டான். இன்னொரு நகலைக் கொண்டுபோய் உதுமானின் சொந்த ஊர்ப் பள்ளிவாசலிலும் கொடுத்தான். அவன் அங்கே போனது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.

1979 ஆனியில் ஒரு விடியற்காலை உதுமான் இறந்துபோனார். அடக்கத்துக்கு இடம் கேட்டு பொன்னுமணி ஜீப்பில் மலையிறங்கி அந்தப் பள்ளிவாசலுக்குப் போனார். ஜமாஅத் பெரியவர் நகலை எடுத்து வைத்தார். முப்பத்தைந்து ஆண்டுகளில் அதை ஒரு பூச்சிகூட அரிக்கவில்லை.

“மதமில்லைன்னு உம் புருசனே கையெழுத்துப் போட்டுருக்காரு. பொறகு மையவாடியில எப்படிம்மா எடம் கேக்குற?”

“அஞ்சு வேளையும் தொழுதாருங்க.”

“தொழுதாருதான். நானே பாத்துருக்கேன். ஒண்ணு பண்ணு, இந்தத் தாளு பொய்யின்னு எழுதிக் குடு. இப்பவே ஆளனுப்பித் தூக்கிட்டு வரச் சொல்றேன்.”

“பொய்யின்னா எங் கலியாணம்?”

பெரியவர் பொய் சொல்லிப் பழகாதவர். “அது செல்லாதும்மா. ஆனா அவரு எங்காளா அடங்குவாரு.”

செய்தி அதற்குள் ராசிங்காபுரம் போய்விட்டது. ஜீப் நிற்கும் இடத்தில் சுருளிவேல் நாலு பேரோடு காத்திருந்தான்.

“எழுதிக் குடுத்துரு அக்கா. கலியாணமே நடக்கலேன்னு ஆயிட்டா உன்ன வீட்டுல சேத்துக்கிறோம். அவன அவங்க எங்கயாச்சும் போட்டுக்கிறட்டும்.”

“எனக்கு மொட்டை போட்டவந்தானடா நீயி? செத்தவ கையெழுத்து ஒனக்கு எதுக்கு?”

“வாய் மட்டும் சாகல பாருங்கய்யா” என்று உடன் வந்தவர்களிடம் சொன்னான். பிறகு அக்காள் பக்கம் திரும்பினான். “அப்ப கெடந்து நாறட்டும். நம்ம சுடுகாட்டுப் பக்கம் கொண்டாந்தீன்னா கம்பெடுப்போம்.”

அந்தக் கல்யாண விஷயத்தில் தம்பியும் பள்ளிவாசலும் ஒரே விஷயத்தைக் கேட்டது அன்றுதான். எழுதிக் கொடுத்தால் உதுமானுக்குக் குழி உண்டு, மனைவி கிடையாது. கொடுக்காவிட்டால் மனைவி உண்டு, குழி கிடையாது.

“மையத்த எங்கத்தே கொண்டு போகணும்? வண்டி வேணுமா?” என்று கேட்டான் ஜீப் ஓட்டும் மொக்கையன்.

“எங்கயும் போகல. நீ வெரசா மேல விடு.”

கொட்டகுடி ஆற்றோரம் அவர்களுக்கு அரை ஏக்கர் இருந்தது. ஏலநாற்றுக்குக் குழியெடுத்தே கை காய்த்தவர் பொன்னுமணி. உடன் காய் பறிக்கும் ராக்கு மட்டும் கடப்பாரையோடு வந்தாள். இருவரும் ஏலச்செடிகளுக்கு நடுவே ஆளுயரம் தோண்டினார்கள். பொன்னுமணி கணவரை ஆற்றுத் தண்ணீரில் குளிப்பாட்டினார், வெள்ளைத் துணியில் சுற்றினார், பாய் விரித்துப் பழகிய திசை பார்த்து முகத்தை வைத்து மண்ணைத் தள்ளினார். எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.